வன்னியில் வீட்டு 4ஜி ரவுட்டர்: வாங்கும் முன் வளவில் சிம்மைப் போட்டுப் பாருங்கள்

மாங்குளம், ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கத்து ஆக்கள், சிம் போட்டு வீட்டுக்கு இன்டர்நெட் எடுக்கிற 4ஜி ரவுட்டர் எடுக்கலாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் நாங்கள் பாவித்துக் கண்டதை விரிவாகவே எழுதுகிறேன். டவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வீடு என்றால் எடுங்கள், நல்ல சாமான். இடையில் காடு நிற்கிறது என்றால், இரவு எட்டு மணிக்கு உங்கள் வளவில் நின்று அதே கம்பனியின் சிம்மைப் போனில் போட்டு ஒரு வீடியோவை ஓடவிட்டுப் பார்க்காமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.

எங்கள் வீடு மாங்குளம்–முல்லைத்தீவு வீதியில் இருந்து உள்ளே, முத்தையன்கட்டுப் பக்கம். எங்கள் ஒழுங்கைக்கு ஃபைபர் இன்டர்நெட் கம்பி வரவில்லை. மீள்குடியேறி வந்த காலத்தில் சிடிஎம்ஏ என்ற கம்பியில்லா வீட்டுப் போன், பிறகு கைபேசி, இப்போது இந்த ரவுட்டர் என்று எல்லாமே காற்றில் வந்ததுதான், கம்பி போன் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆகவே இது ஓடாவிட்டால் கைக்கெட்டிய தூரத்தில் வேறு வழி இல்லை.

கடையில் நின்ற தம்பி வரைபடத்தைக் காட்டி, "அண்ணை, உங்கட பக்கம் முழுக்கக் கவரேஜ் இருக்கு, பயப்பிடாமல் கொண்டுபோங்கோ" என்றார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை, அவருக்குக் கொடுத்திருந்த படத்தில் எங்கள் ஊருக்கு நிறம் அடித்துத்தான் இருந்தது. அந்தப் படத்தைக் கீறியது கணினிக் கணக்கு. பாலையும் வீரையும் முதிரையும் அடர்ந்த காட்டுக்குப் பின்னால், ஓட்டுக் கூரைக்குக் கீழே, மேசையில் வைத்த பெட்டிக்கு எவ்வளவு வந்து சேரும் என்று அதில் இல்லை. வீட்டு 4ஜிக்கு இலங்கையில் 2300, 2600 மெகாஹேர்ட்ஸ் போன்ற உயர்ந்த அலைவரிசைகளைப் பாவிக்கிறார்கள். அதில் நிறைய டேட்டா போகும், ஆனால் கிட்டத்துக்குத்தான், மரம் இலை எல்லாம் அதைக் குடித்துவிடும், மழையில் நனைந்த இலை இன்னும் மோசம். 900 மெகாஹேர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலை காட்டைத் தாண்டி நெடுந்தூரம் போகும், அதனால்தான் வீட்டுக்குள் போன் கதைக்க முடிகிறது, அதைப் பார்த்து ரவுட்டரும் ஓடும் என்று ஆக்கள் நம்பிவிடுகிறார்கள்.

ரவுட்டரின் உள்பக்கத்தைப் பிரவுசரில் திறந்தால் ஆர்எஸ்ஆர்பி என்று ஒரு எண் இருக்கும், டவரின் சிக்னல் எவ்வளவு பலமாக வந்து சேர்கிறது என்று காட்டுவது அது. அது -90 அல்லது அதைவிட நல்லதாக, அதாவது -80 பக்கம் இருந்தால் பயமில்லை. -110ஐயும் தாண்டி -115, -120 என்று கீழே போனால் முன்பக்க விளக்கு எவ்வளவு பச்சையாக எரிந்தாலும் நம்ப வேண்டாம். எங்கள் வீட்டுக்குள் அந்தக் கடைசிக் கட்டம்தான். கூரைக்கு மேலே இரும்புப் பைப் நட்டு அன்ரெனா ஏற்றிய பிறகுதான் மனிதர் பாவிக்கிற நிலைக்கு வந்தது, அதுவும் மெல்லிய நீளக் கேபிளைப் போட்டால் மேலே பிடித்ததில் பாதி வழியிலேயே போய்விடும். கேபிளைக் குறுக்குங்கள். இல்லையென்றால் வெளியே பொருத்துகிற ரவுட்டரையே வாங்கி, அதில் இருந்து சாதாரண நெட்வேர்க் கேபிளை வீட்டுக்குள் இறக்குங்கள், அதுதான் திறம்.

சரி, வேகம். விடியவும் மத்தியானமும் குறை சொல்ல முடியாது, மகள் பாடக் காணொளி பார்க்கிறாள், வங்கி அலுவல், அரசாங்கப் படிவம் எல்லாம் நடக்கிறது. பின்னேரம் ஏழு மணி தாண்டினால் வேறு கதை. ஸூம் வகுப்பில் ஆசிரியரின் படம் உறைந்து நிற்கும், குரல் துண்டு துண்டாக வரும், பிள்ளை கேள்வி கேட்டு அது அங்கே போய்ச் சேர்வதற்குள் ஆசிரியர் அடுத்த கணக்குக்குப் போயிருப்பார். ஏனென்றால் ஒரே டவரில் பல ஊர்கள் தொங்குகின்றன, எல்லாரும் வேலை முடிந்து வந்து போனைத் திறக்கிற நேரம் அது. அன்ரெனாவை எவ்வளவு உயர்த்தினாலும் இந்த நெரிசல் தீராது. கம்பனிதான் டவரில் கொள்ளளவைக் கூட்ட வேண்டும், அல்லது இன்னொரு டவர் போட வேண்டும்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. தனியார் வகுப்புக்கு வவுனியாவுக்கோ கிளிநொச்சிக்கோ போக வசதியில்லாத பிள்ளைக்கு இரவு வகுப்புத்தான் வழி, அந்த நேரத்திலேயே இது படுத்துவிடுகிறது. நள்ளிரவுக்குப் பிறகு பாவிக்க என்று தனியாக டேட்டா தருகிற பக்கேஜ்களும் உண்டு. உயர்தரம் எடுக்கிற பிள்ளையை அந்த நேரத்தில் எழுப்பிவைத்துக் காணொளி இறக்கச் சொல்வதா? பக்கேஜ் பார்க்கும்போது மொத்த ஜிபியை விட்டுவிட்டு, எந்த நேரத்திலும் பாவிக்கக்கூடியது எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். ஒரு மணி நேர ஸூம் வகுப்புக்கு ஏறத்தாழ அரை ஜிபியில் இருந்து ஒரு ஜிபிக்கு மேல் வரைகூடப் போகும், வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்றால் சின்னப் பக்கேஜ் மாதம் முடியுமுன் காணாது.

மாதக் காசு கொழும்பில் மாடிவீட்டில் இருப்பவர் கட்டுகிற அதே காசுதான். 2022 செப்டெம்பரில் கட்டணங்கள் 20 வீதம் ஏறின, வற் வரி அந்த ஒரே ஆண்டில் 8இல் இருந்து 12, பிறகு 15 என்று போய், 2024 ஜனவரியில் 18 வீதத்தில் வந்து நின்றது. அதெல்லாம் எல்லாருக்கும் பொது. எங்களுக்கு மட்டும் மேலதிகமாக வருவது பைப், அன்ரெனா, கேபிள், கூரையில் ஏறுகிறவருக்குக் கூலி, ரவுணுக்குப் போய் வருகிற பஸ் காசு, இது படுத்துவிட்டால் பாவிக்க இன்னொரு கம்பனியின் சிம்மும் அதற்கு ரீலோடும். இவற்றைக் கூட்டிப் பார்த்தால் குறைந்த வேகத்துக்குக் கூடிய காசு கட்டுகிறோம். நெல்லு வித்த மாதத்தில் கட்டிவிடலாம், மற்ற மாதங்களில் இது அரிசி பருப்போடு போட்டி போடுகிற செலவு.

வாடிக்கையாளர் சேவைக்கு எடுத்தால் மரியாதையாகத்தான் கதைக்கிறார்கள், தமிழிலும் கதைக்கிறார்கள். ஆனால் ரவுட்டரை நிறுத்திப் போடுங்கள் என்பதைத் தாண்டி எதுவும் நடக்கவில்லை. பார்க்க வந்தவர் பகலில் வந்தார், பகலில் வேகம் இருந்தது, பிரச்சினை இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். மாரியில் மின்கம்பி அறுந்து கரண்ட் நின்றால் டவர் பற்றரியில் கொஞ்ச நேரம் ஓடி, பிறகு அதுவும் நின்றுவிடும், வெள்ளம் வருகிறதா என்று அறிய வேண்டிய நேரத்திலேயே தொடர்பு போகும்.

செய்மதி வழியாக இன்டர்நெட் தருகிற ஸ்டார்லிங்க் பற்றியும் கேட்கிறார்கள். 2024 ஓகஸ்டில் அனுமதி கிடைத்து, 2025 ஜூலையில் இலங்கையில் சேவை தொடங்கியது. காட்டுக் கரைக்கு அதுதான் சரியான தொழில்நுட்பம், டவர் தேவையில்லை, சில நூறு கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகிற செய்மதிகளில் இருந்து நேரே வருகிறது, வானம் திறந்த இடம் இருந்தால் போதும். ஆனால் தொடங்கியபோது அறிவித்த விலை, வீட்டுக்கான மலிவான திட்டம் மாதம் 12,000 ரூபா, அடுத்தது 15,000, தட்டும் ரவுட்டரும் 118,000 ரூபா. 2026 ஜனவரியில் இருந்து தனியார் துறையின் ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபா என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு குடும்பம் தனியே தாங்காது. நாலு வீடு சேர்ந்து எடுத்துக் காசு பிரிக்கலாம் என்று நினைப்பவர்கள் நிபந்தனைகளை வாசித்துவிட்டு இறங்குங்கள், வீட்டுத் திட்டத்தை மற்றவர்களுக்கு விற்க அதில் இடமில்லை. பாடசாலை, வாசிகசாலை, சனசமூக நிலையம் போன்ற இடத்துக்கு முறையான திட்டத்தில் ஒன்று எடுத்து, இரவு வகுப்பு நேரத்தில் பிள்ளைகளுக்குத் திறந்து விடலாம். வெளிநாட்டில் இருக்கிற ஊர் ஆக்கள் கோயில் திருவிழாவுக்கு அனுப்புகிற காசில் ஒரு பங்கை இதற்குத் தந்தால் நான் கைகூப்புவேன்.

கம்பனிகளிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ரவுட்டரை வீட்டுக்குக் கொண்டுபோய் சில இரவுகள் ஓட்டிப் பார்த்துவிட்டு, சரிவராவிட்டால் திருப்பிக் கொடுத்து முழுக் காசையும் வாங்க விடுங்கள். ஒவ்வொரு டவரும் இரவு எட்டு மணிக்கு என்ன வேகம் தருகிறது என்று வெளியிட வேண்டும், அதைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு கட்டாயமாக்க வேண்டும்.

இப்போதைக்கு, ஏ9 வீதியை அண்டி இருப்பவர்கள் முதலில் ஃபைபர் வருமா என்று விசாரியுங்கள், வந்தால் ரவுட்டரை நினைக்கவே வேண்டாம். உள்ளே இருப்பவர்கள் இரண்டு மூன்று கம்பனி சிம்மையும் வளவில் வைத்துப் பார்த்து, இரவில் எது தாக்குப்பிடிக்கிறதோ அதை எடுங்கள், பக்கத்து ஊர்க்காரர் சொன்னார் என்று எடுக்க வேண்டாம், ஒரு குளக்கட்டைத் தாண்டினாலே எல்லாம் மாறிவிடும். கேபிளைப் பிவிசி பைப்புக்குள் விடுங்கள், குரங்கு இழுத்து அறுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வானம் இருண்டு வந்தால், இடி கேட்கத் தொடங்கும் முன்பே கரண்ட் வயரோடு அன்ரெனாக் கேபிளையும் சேர்த்துக் கழற்றி வையுங்கள்.