வயலின்காரன் காது டெஸ்டுக்குப் போன கதை

55 வயசு, 30 வருஷத்துக்கு மேல வயலின், கொஞ்ச நாளா பக்கத்துல யாராவது பேசினா 'ஸ', 'ச' எல்லாம் கரைஞ்சு போற மாதிரி இருக்கேன்னு ஒரு கிளினிக்ல ஆடியோமெட்ரி, அதாவது காது எவ்ளோ கேக்குதுன்னு அளக்குற டெஸ்ட், பண்ணிக்கிட்டேன். சத்தமே புகாத சின்ன ரூம், ஹெட்ஃபோன், கையில ஒரு பட்டன், பீப் கேட்டா அமுக்கணும், அவ்ளோதான். ஆனா சத்தம் குறைய குறைய நெஜமாவே கேக்குதா இல்ல மனசுக்குள்ள கேக்குதான்னு குழம்பிடும், சுருதிக்குப் பழகுன காதுக்கே இந்த கதி!

ரிசல்ட்ல வலது காது வயசுக்கு ஏத்த மாதிரி மேல் ஸ்தாயில மெல்ல இறங்குது, இடது காதுல மட்டும் 4000 ஹெர்ட்ஸ் சுருதி கிட்ட கூடுதலா ஒரு பள்ளம், அதாவது அங்க கேக்குறது இன்னும் குறைவு. வயலின் இடது காதுக்குக் கீழயே தானே இருக்கு, அதனாலயும் இருக்கலாம்னு ஆடியோலஜிஸ்ட் (காது கேக்குறதை டெஸ்ட் பண்றவங்க) மேடம் கிராஃபைக் காட்டிப் பொறுமையா சொன்னாங்க, அதுக்கே 5க்கு 4 ஸ்டார்.

ஒரு ஸ்டார் ஏன் கட்னா, முந்தின நாள் சத்தமான இடத்துல இருக்காதீங்கன்னு புக் பண்றப்பவே சொல்லியிருக்கணும். நான் ராத்திரி கச்சேரி முடிச்சு காலைல காது இரைச்சலோட நேரா போய் உக்காந்துட்டேன், அப்படி இருந்தா ரிசல்ட் சரியா வராதுன்னு இன்னொரு நாள் திரும்ப வர வேண்டியதாச்சு. அப்புறம் 8000 ஹெர்ட்ஸோட நிறுத்திட்டாங்க, 16000 வரைக்கும் பாக்குற மெஷின் அங்க இல்லையாம்.. வாத்தியம் வாசிக்கிறவங்க யாராச்சும் போனா அதை முதல்லயே கேட்டுட்டுப் போங்க.