சுகர் பொடிக்கு 8,400 ரூபாய் அழுதோம், வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்கள் கவனிக்கவும்

நேற்றுதான் அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தோம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறிவிட்டால் எழுத மாட்டேன். போனது 8,400 ரூபாய். ஆளே போயிருப்பார்.

அப்பா ரிட்டயர்டு கண்டக்டர். பல வருஷமாகச் சுகர். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, பி.பி.க்கு ஒரு மாத்திரை. "மூன்றே மாதத்தில் சர்க்கரைக்கு நிரந்தரத் தீர்வு" என்று முகநூலில் வந்த மூலிகைப் பொடி விளம்பரத்தில் தன் நம்பரைப் போட்டிருக்கிறார். கடைப் பெயர் எழுதவில்லை. நாளைக்கே வேறு பெயரில் வருவார்கள், ஆளை மடக்கும் விதம் மட்டும் மாறாது.

முதலில் ஒரு பெண் கூப்பிட்டாள். எடுத்ததுமே "அப்பா, சாப்ட்டீங்களா?" ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டு, "மருத்துவர்" என்று ஒருவரிடம் இணைப்பைக் கொடுத்திருக்கிறாள். அவர் அரை மணி நேரத்துக்கு மேல் பேசியிருக்கிறார். பாதம் எரியுதா, ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கீங்க, மலச்சிக்கல் இருக்கா என்று ஒவ்வொன்றாக. எங்கள் ஊர் கிளினிக்கில் டோக்கன் போட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் டாக்டர் முகத்தைப் பார்ப்பது ஐந்து நிமிஷம். அப்பா விழுந்தது அங்கேதான். "எவ்வளவு பொறுமையாப் பேசறாங்க தெரியுமா" என்று எனக்கே போன் செய்து சொன்னார். பார்சல் வந்தபிறகு பணம் கொடுத்தால் போதும் என்றதும் அம்மாவும் சரி என்றுவிட்டார். வந்தவனோ 8,400 ரூபாயை எண்ணி வாங்காமல் பெட்டியைப் பிரிக்கவே விடவில்லை.

உள்ளே வெள்ளை டப்பாக்கள். இலை படம், "100% இயற்கை". பேட்ச் நம்பர் இல்லை, லைசென்ஸ் நம்பர் இல்லை. என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியல் "மற்றும் பல அரிய மூலிகைகள்" என்று முடிகிறது.

கொடுமை என்னவென்றால், பொடி வேலை செய்தது. வெறும் வயிற்றில் 180 காட்டிக்கொண்டிருந்த சுகர் சீக்கிரமே 100 பக்கம் வந்துவிட்டது. அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் தலைசுற்றல். காலை பதினோரு மணி வாக்கில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார், கை நடுங்கும். போன் செய்து கேட்டதற்கு அந்தப் பெண், "கழிவு வெளியேறுதுப்பா, நல்ல அறிகுறி, டோஸை மட்டும் விட்றாதீங்க" என்றாளாம்.

போன வாரம் விடியற்காலையில் அம்மா எழுப்பும்போது பனியன் பிழிகிற அளவுக்கு நனைந்திருக்கிறது. அம்மாவையே பார்த்து "எந்த ஸ்டாப்பு?" என்று கேட்டிருக்கிறார். குளுக்கோமீட்டரில் 41.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்ற ஏற்ற ஏறியது, சில மணி நேரத்தில் மறுபடி இறங்கியது. டியூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "நாட்டு மருந்து, பொடி ஏதாவது சாப்பிடறாரா?" சில பொடிகளில் கிளிபென்கிளமைடு போன்ற சுகர் மாத்திரையையே அரைத்துக் கலந்துவிடுவார்களாம். கிளிமிபிரைடும் அதே வகை. இரண்டும் சேர்ந்தால் சுகர் பாதாளத்துக்குப் போகும். வயதானவர்களுக்கும் கிட்னி சரியில்லாதவர்களுக்கும் அது உடம்பைவிட்டுப் போக நேரமாகும், அதனால்தான் உடனே வீட்டுக்கு அனுப்பவில்லை. இந்த டப்பாவில் அது இருக்கிறதா என்பது பரிசோதித்தால்தான் உறுதி என்றும் சொன்னார். சிங்கப்பூரில் 2008ல் திருட்டுத்தனமாக விற்ற ஆண்மை மாத்திரைகளில் இதே கிளிபென்கிளமைடு கலந்திருந்து, 150 பேர் சுகர் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், நான்கு பேர் செத்தார்கள்.

பணத்தைக் கேட்டுப் போன் செய்தேன். "சீல் உடைச்சா ரிட்டர்ன் கிடையாதுங்க மேடம்." மருத்துவரைக் கேட்டால் மீட்டிங். இன்னொருவன் வந்து, இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்தாததுதான் தப்பு என்கிறான். முதல் மாதம் இரண்டையும் சேர்த்துச் சாப்பிடச் சொன்ன அவர்கள் குரல் பதிவு என் போனிலேயே இருக்கிறது! அதை அனுப்பியதும் வந்த பதில்: "அடுத்த கோர்ஸுக்கு 20% தள்ளுபடி தருகிறோம்." 8,400 ரூபாயை வாங்கிக்கொண்டு ஆளைச் சாகக் கிடத்திவிட்டுத் தள்ளுபடியாம். அப்புறம் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள்.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், அப்பாவுக்குச் சாப்பாடு கொடுக்கும் நேரம். சுருக்கமாக: சுகர்காரருக்குத் தலை சுற்றினால் முதலில் சுகர் பாருங்கள். 70க்குக் கீழே, நினைவோடு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108. சுகர் சரியாக இருந்தும் எழுந்து நிற்கும்போது சுற்றினால் பி.பி. மாத்திரையாலும் இருக்கலாம், டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். சாப்பிடுகிற எல்லாவற்றையும், பொடி உட்பட, டாக்டரிடம் காட்டுங்கள்.

சுகரைக் குணமாக்குவேன் என்று விளம்பரம் செய்வதே 1954ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். நுகர்வோர் புகாருக்கு 1915. கோபத்தில் டப்பாவைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், பில்லும் குரல் பதிவும்கூட வேண்டும். எங்கள் டப்பாவை மருந்து ஆய்வாளரிடம் கொடுக்கப் போகிறோம். 8,400 ரூபாய் திரும்பி வரும் என்ற நம்பிக்கை எனக்கில்லை.