சீப்பு முதல் சவுரி வரை: காரைக்குடியில் வாங்கிப் பல வருடம் புழங்கிய அனுபவம்

தலைமுடிச் சாமான்களில் பணம் மிச்சம் பிடிக்க எனக்குப் பலன் தந்தது ஒரே வழிதான். தினமும் முடியில் படுகிற பொருளுக்குத் தாராளமாகச் செலவழிக்கணும், அடிக்கடி தொலைகிற பொருளுக்குக் கையை இறுக்கிப் பிடிக்கணும். எங்கள் வீட்டில் நான், இரண்டு பெண்பிள்ளைகள், மூவருக்குமே நீளமான முடி. காரைக்குடியில் இருந்துகொண்டு பல வருடமாக வாங்கிப் புழங்கியதை வைத்து எழுதுகிறேன்.

முதலில் சீப்பு. ஃபேன்ஸி ஸ்டோரில் தொங்குகிற மலிவான பிளாஸ்டிக் சீப்பை எடுத்து, இரண்டு பல்லுக்கு நடுவில் கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் மெல்லிசாக ஒரு விளிம்பு தட்டுப்படும். கண்ணுக்குத் தெரியாது, நகத்துக்குத் தெரியும். ஒவ்வொரு முறை சீவும்போதும் அந்த விளிம்பு முடியின் மேல்படலத்தைச் சுரண்டும். அதுவே ஒரு பல் உடைந்துபோனால் முடி சிக்கி அறும், அப்புறம் புதுச் சீப்பு வாங்கணும்.

நான் அகலப் பல் வைத்த வேப்பமரச் சீப்புக்கு மாறிவிட்டேன். பிளாஸ்டிக்கைப் போலப் பல மடங்கு விலை. ஆனாலும் மூத்தவள் பள்ளிக்கூடம் சேர்ந்த காலத்தில் வாங்கியது இன்னும் ஒரு பல் போகாமல் இருக்கிறது. பளபளவென்று வார்னிஷ் அடித்ததை வாங்காதீர்கள். பூச்சு உரிந்து சொரசொரப்பாகிவிடும். இழைத்த மரம் அப்படியே தெரிகிற சீப்பு நல்லது. மரச் சீப்பைத் தண்ணீரில் ஊறப் போடவே கூடாது. மரம் உப்பி, காயும்போது பல்லடியில் வெடிக்கும். பழைய டூத் பிரஷால் அழுக்கை எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, நிழலில் காய வைத்தால் போதும். வெள்ளிக்கிழமை நாங்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற அன்று சீப்புக்கும் இரண்டு சொட்டு நல்லெண்ணெய் தடவிவிடுவேன். இன்னொன்று, ஈரமுடி காய்ந்த முடியைவிடச் சுலபமாக இழுபட்டு அறுந்துவிடும். எவ்வளவு விலை கொடுத்த சீப்பானாலும் முடி முக்கால்வாசி உலர்ந்த பிறகு நுனியிலிருந்துதான் சிக்கெடுக்கணும்.

சீப்பு என்றதும் முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகள் பலருக்கு ஞாபகம் வரும். பழைய வீடுகளிலிருந்து வந்த மரச்சாமான், பித்தளைச் சாமான் பார்க்க அருமையான தெரு. ஆனால் தலை சீவுவதற்கென்று பழைய சீப்பு வாங்க வேண்டாம். முக்கியமாக, எந்த ஊரிலும் யாராவது தந்தம், ஆமை ஓடு என்று சொல்லிக் காட்டினால் தொடாதீர்கள். 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் பெரிய வழக்காகிவிடும்.

குஷன் பிரஷ் வாங்குவதென்றால் முள்ளின் நுனியில் இருக்கும் சின்ன உருண்டைகளை விரலால் லேசாகத் திருகிப் பாருங்கள். தனியாக ஒட்டிய உருண்டை கொஞ்ச நாளில் உதிரும், அப்புறம் மொட்டை முள் மண்டையைக் கீறும். நுனி முள்ளோடு சேர்ந்தே உருண்டையாக வந்திருந்தால் உழைக்கும். கழுவியதும் முள் கீழே பார்க்கும்படி கவிழ்த்து வையுங்கள். இல்லையென்றால் குஷனுக்குள் தண்ணீர் தங்கி நாற்றம் எடுக்கும்.

இனி கையை இறுக்கிப் பிடிக்க வேண்டிய சாமான்கள். கடையில் ஸ்கிரஞ்சி, அதாவது எலாஸ்டிக்கை உள்ளே வைத்துத் தைத்த துணி பேண்டு, வாங்குவதை நான் அடியோடு நிறுத்திவிட்டேன். தையல்காரரிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போதே வெட்டுத்துணியைத் திருப்பிக் கேட்டு வாங்குவேன். 9 சென்டிமீட்டர் அகலம், 50 சென்டிமீட்டர் நீளம், உள்ளே 18 சென்டிமீட்டர் எலாஸ்டிக், இவ்வளவுதான் கணக்கு. கிழிந்த பட்டுச் சேலையின் உடல் பகுதியில் தைத்தது முடிக்கு இன்னும் மெத்தென்று இருக்கும். சரிகை மட்டும் வேண்டாம், கீறும். எலாஸ்டிக் தளர்ந்தால் அதை மாற்றித் தைத்தால் சரி, துணி அப்படியே இருக்கும். மெல்லிய ரப்பர் பேண்டு எங்கள் வீட்டுக்குள்ளேயே வராது. இளையவள் குதிரைவால் போடும்போதெல்லாம் அவள் அப்பத்தா, "இறுக்கிக் கட்டாத ஆத்தா, நெத்தி ஏறிப்போகும்" என்று சத்தம் போடுவார். அது உண்மைதான், வருடக்கணக்கில் தினமும் இழுத்துக் கட்டினால் முன்னெற்றி முடி நிரந்தரமாகவே உதிர்ந்துபோகலாம். டெலிபோன் ஒயர் மாதிரி இருக்கும் சுருள் பேண்டு தொளதொளத்துப் போனால் தூக்கிப் போடாதீர்கள். வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்தால் பெரும்பாலும் பழையபடி சுருங்கிவிடும்.

கிளிப்பைத் திருவிழாக் கடையில் வாங்குவதில் எனக்கு ஆட்சேபணையே இல்லை. மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோவில் மாசி பங்குனித் திருவிழாவின்போது பிள்ளைகள் கேட்பதை அங்கேயே வாங்கிக் கொடுப்பேன், எப்படியும் தொலையப் போகிறவை. முடியைக் கவ்விப் பிடிக்கிற பெரிய கிளட்ச் கிளிப்புக்கு மட்டும் நின்று பார்ப்பேன். நான்கைந்து முறை திறந்து மூடினால் பற்கள் கோணாமல் ஒன்றுக்குள் ஒன்று இறங்கணும், ஸ்பிரிங் நடுவில் நிற்கணும். எங்கள் போர் தண்ணீருக்கு இரும்பு ஸ்பிரிங் சீக்கிரம் துருப்பிடிக்கிறது. அதனால் குளியலறையில் எதையும் விட்டுவைப்பதில்லை.

மொத்தவிலைக்கென்று மதுரைக்கு பஸ் ஏறுவது கட்டாது. வேறு வேலையாகப் போகும்போது அட்டையாக வாங்கி வந்து நாத்தனார் வீட்டோடு பிரித்துக்கொள்வோம். ஆன்லைனில் தள்ளுபடி எத்தனை சதவீதம் என்பதை நான் பார்ப்பதே இல்லை. டெலிவரிக் கட்டணத்தையும் சேர்த்து ஒரு உருப்படி என்ன விலைக்கு வந்து விழுகிறது என்பதுதான் கணக்கு. கடையில் பேக்கெட் சரக்கு வாங்கினால் எம்ஆர்பியைப் பாருங்கள், வரியும் அதற்குள் அடக்கம். வரி தனி என்று யாராவது மேலே கேட்டால் கொடுக்கத் தேவையில்லை.

கடைசியாகப் பொய்முடியான சவுரி, சடை அலங்காரத்துக்கான ராக்கொடி, சடைநாகம், குஞ்சலம். கல்யாணத்துக்கோ நாட்டிய அரங்கேற்றத்துக்கோ ஒரு நாள் வைக்கிற சாமான். வாடகைக்கே எடுங்கள். சவுரியை மட்டும் சொந்தமாக வாங்குங்கள், அடுத்தவர் தலையில் இருந்தது நமக்கு வேண்டாம். செயற்கை இழை சவுரி விலை குறைவு, பின்னல் போட அதுவே தாராளம். அதன் மேல் ஸ்ட்ரெய்ட்னர் சூடு படக்கூடாது, உருகி ஒட்டிக்கொள்ளும். விசேஷம் முடிந்ததும் பூ நாரையெல்லாம் எடுத்துவிட்டு, அலசி, கொடியில் தொங்கவிட்டு, தளரப் பின்னித் துணிப்பையில் போட்டு வையுங்கள். அப்படிப் பார்த்துக்கொண்டால் அடுத்த கல்யாணத்துக்கும் அதே சவுரி ஆகும்.