டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்: கல்லூரி மாணவருக்குக் கட்டுப்படியாகுமா?

மேடைப் பேச்சுப் பயிற்சி என்று தேடினால் நம் ஊரில் கிடைப்பது ஒன்று ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர், இல்லாவிட்டால் 'ஆளுமை வளர்ச்சி' என்று ஒரு நாள் பட்டறை. உலகம் முழுக்கப் பேச்சுப் பயிற்சிக் கிளப்புகள் நடத்தும் அமைப்பான டோஸ்ட்மாஸ்டர்ஸ் இந்த இரண்டிலும் சேராது. 1924-இல் கலிபோர்னியாவின் சான்டா அனா நகரில் ரால்ஃப் ஸ்மெட்லி ஆரம்பித்தது. இங்கே வாத்தியார் கிடையாது. உறுப்பினரே பேசுவார், உறுப்பினரே நேரம் பார்ப்பார், உறுப்பினரே நிறைகுறை சொல்வார். ஆகவே வெளியே தொங்கும் பெயர்ப் பலகை ஒன்றாக இருந்தாலும் உள்ளே சரக்கு கிளப்புக்குக் கிளப் மாறும். சேர 18 வயது ஆகியிருக்க வேண்டும்.

கூட்டம் ஒன்றரை மணி நேரம் போல நடக்கும். தயாரித்து வந்த பேச்சு 5 முதல் 7 நிமிடம். தலைப்பைச் சொன்ன கையோடு எழுந்து பேசும் 'டேபிள் டாபிக்ஸ்' 1 முதல் 2 நிமிடம். பேசியவரை மதிப்பிடுவதற்கு 2 முதல் 3 நிமிடம். டைமர் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டை காட்டுவார்: ஏழு நிமிடப் பேச்சுக்கு 5-இல் பச்சை, 6-இல் மஞ்சள், 7-இல் சிவப்பு. போட்டியாக இருந்தால் 7 நிமிடம் 30 விநாடியைத் தாண்டினாலும், 4 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தாலும் தகுதி நீக்கம்தான்.

பள்ளி, கல்லூரி விழா மேடையில் பழகியவர்கள் முதலில் சறுக்குவது இந்த அட்டையில்தான். "அவையை அலங்கரித்துக் கொண்டிருக்கும்..." என்று தொடங்கி எல்லோரையும் விளித்து முடிப்பதற்குள் ஒன்றரை நிமிடம் போய்விடும். முதல் பேச்சான 'ஐஸ் பிரேக்கர்' மொத்தமே 4 முதல் 6 நிமிடம். விளிப்பை ஒரே வரியில் முடித்து நேராக விஷயத்துக்கு வர வேண்டும். அடுத்த வேகத்தடை 'ஆ-கவுண்டர்', அதாவது பேச்சில் தேவையில்லாமல் நுழையும் சொற்களை எண்ணும் உறுப்பினர். ஆங்கிலக் கூட்டத்தில் "அம்", "ஸோ" எண்ணுவார். தமிழில் நடக்கும் கிளப்பும் உண்டு. அங்கே "வந்து", "அதாவது" சிக்கும். ஐந்து நிமிடத்தில் பதினைந்து "வந்து" என்று வாசிக்கும்போது சங்கடமாக இருக்கும். அதற்குப் பயந்து வேகமாகப் பேசத் தொடங்கினால் எண்ணிக்கை கூடத்தான் செய்யும். அந்த இடத்தில் வாயை மூடி ஒரு நொடி நிறுத்துவதே மருந்து.

கொடுக்கும் காசுக்கு உண்மையான மதிப்பு பேசுவதில் இல்லை, மதிப்பிடுவதில்தான் இருக்கிறது. இதைப் பல மாணவர்கள் தவறவிட்டு, "இன்னும் பேச ஸ்லாட் வரலையே" என்று காத்திருந்தே ஆறு மாதத்தைக் கழிக்கிறார்கள். நல்ல மதிப்பீடு இடத்தைச் சுட்டும்: "இரண்டாவது கதையில் அப்பா கடையை மூடியதைச் சொல்லிவிட்டு உடனே அடுத்த பாயின்டுக்குப் போய்விட்டீர்கள். அங்கே மூன்று நொடி நின்றிருந்தால் எங்களுக்கு அது இறங்கியிருக்கும்." மோசமான மதிப்பீடு "சூப்பர், நல்ல ஐ கான்டாக்ட், வாழ்த்துகள்" என்று முடியும். இனிப்பு, காரம், மறுபடி இனிப்பு என்று பரிமாறச் சொல்லித் தருவார்கள். காரத்தை விட்டுவிட்டு இரண்டு தட்டு இனிப்பு வைக்கும் கிளப்புகளே அதிகம். டோஸ்ட்மாஸ்டர்ஸ் பாடத்திட்டத்தின் முதல் நிலையில் ஒரு பாடம் இருக்கிறது: பேசி, குறை கேட்டு, அதைத் திருத்தி மறுபடி பேசி, பிறகு இன்னொருவரை மதிப்பிட வேண்டும். பாடத்திட்டத்தின் சிறந்த பகுதி இதுதான். இரண்டு பேச்சையும் ஒரே மதிப்பீட்டாளர் கேட்கும்படி தேதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆள் மாறினால் திருந்தியதா என்று சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

தலைமைப் பயிற்சி என்று விளம்பரப்படுத்துவது எங்கே நடக்கிறது? ஏழு நிர்வாகப் பதவிகளில். அவற்றில் கல்வித் துணைத் தலைவர் பதவிதான் பிழிந்தெடுக்கும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் பேச்சாளர், மதிப்பீட்டாளர், டைமர் என்று பத்துப் பேரைப் பிடிக்க வேண்டும். முதல் நாள் ராத்திரி இருவர் "லேப் ரெக்கார்டு பாக்கி" என்று கழன்றுகொள்வார்கள். அதட்ட அதிகாரம் கிடையாது, சம்பளமும் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் "யாராவது வாங்க" என்று போட்டால் ஒருவரும் வரமாட்டார். தனித்தனியாகப் போன் போட்டு, "நீ டைமர், 5.50-க்கு வந்துடு" என்று வேலையும் நேரமும் சேர்த்துச் சொன்னால்தான் வருவார்கள். பொருளாளர் பதவியும் சும்மா இல்லை. ஏப்ரல் 1, அக்டோபர் 1 கெடுவுக்குள் சந்தாவை வசூலித்துக் கட்ட வேண்டும்.

கல்லூரிக்குள் இருக்கும் கிளப்பின் பெரிய பலவீனம் நாள்காட்டி. நிர்வாக ஆண்டு ஜூலையில் தொடங்கும். அதற்கான தேர்தல் மே மாதத்தில், அதாவது செமஸ்டர் தேர்வும் விடுமுறையும் மோதும் நேரத்தில் வரும். இறுதியாண்டு மாணவர்கள் கூட்டமாக வெளியேறினால் கிளப் தகுதியோடு நீடிக்கத் தேவையான 8 உறுப்பினர்கூடத் தேற மாட்டார்கள். சேருமுன் தலைவரும் கல்வித் துணைத் தலைவரும் எந்த ஆண்டு படிக்கிறார்கள் என்று கேளுங்கள். இருவருமே இறுதியாண்டு என்றால், ஊரில் வாரக் கடைசியில் கூடும் பொதுக் கிளப்பைப் பாருங்கள். வேலைக்குப் போகிறவர்கள் வரும் இடம் என்பதால் மதிப்பீடு பொதுவாகக் கறாராக இருக்கும். ஐ.டி. நிறுவனங்களுக்குள் நடப்பவை பெரும்பாலும் அவர்களின் ஊழியர்களுக்கு மட்டும்.

செலவு: ஆறு மாதத்துக்கு 60 டாலர், புதிதாகச் சேர ஒருமுறை 20 டாலர். இதற்கு மேல் ஹால் வாடகை, டீ என்று கிளப் தனியாக வாங்கலாம். பாதியில் சேர்ந்தால் மாதத்துக்கு 10 டாலர் என்று கழித்துக் கணக்கிடுவார்கள். பிப்ரவரியில் (இரண்டு மாதச் சந்தா 20, சேர்க்கை 20) 40 டாலர்தான் என்று ஆசையாகச் சேர்ந்தால் மார்ச் முடிவதற்குள் அடுத்த 60 வந்து நிற்கும். ஏப்ரல் அல்லது அக்டோபர் தொடக்கத்தில் சேர்வதே லாபம். மாணவர் கைக்காசுக்கு இது பெரிய தொகைதான். ரெஸ்யூமில் ஒரு வரி ஏறும் என்பதற்காக மட்டும் என்றால் தேவையே இல்லை. குரூப் டிஸ்கஷனில் வாயே திறக்காதவருக்கும், ஒரு குழுவை வேலை வாங்கிப் பழக இடம் தேடுபவருக்கும் ஓராண்டுச் சந்தா தகும்.

விருந்தினராகப் போய்ப் பார்க்கக் கட்டணம் இல்லை. இரண்டு மூன்று கிளப்புக்குப் போய், பேச்சை விட்டுவிட்டு மதிப்பீட்டை மட்டும் கவனியுங்கள். 'திருத்திக்கொள்ள வேண்டியது இது' என்று குறிப்பாக ஒன்றாவது சொன்னார்களா, சிவப்பு அட்டை காட்டியதும் பேச்சாளர் முடித்தாரா, அச்சிட்ட நிரலில் எத்தனை பெயரைப் பேனாவால் அடித்து மாற்றியிருந்தார்கள்? நாலைந்து பெயர் மாறியிருந்தால் அடுத்த கிளப்புக்கு நடையைக் கட்டுங்கள்.