‘ஹைட்ரஜன் கார்’ கிட் வாங்கப் போகும் பள்ளிகளுக்கு

பள்ளி ஆய்வகத்துக்கு எரிபொருள் மின்கலம், அதாவது ஃப்யூயல் செல் கிட் வாங்க நினைக்கும் ஆசிரியர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். பெற்றோர் ஆசிரியர் கழகம் திரட்டித் தந்த பணத்தை நாங்கள் இழந்துவிட்டோம்.

பன்னிரண்டாம் வகுப்பு மின்வேதியியலில் இந்தக் கலம் பாடமாகவே வருகிறது. 2024 ஜனவரியில் இஸ்ரோ, பி.எஸ்.எல்.வி. சி-58 ஏவுதலின்போது 100 வாட் வகை ஃப்யூயல் செல் ஒன்றை விண்வெளியில் இயக்கிப் பார்த்தது. அதைச் செய்தியில் பார்த்த பிள்ளைகள், நேரில் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆய்வகச் சாமான் சப்ளை செய்யும் ஒருவர் கேட்லாக்கோடு வந்தார். படத்தில் இருந்தது ரிவர்சிபிள் பெம் செல், அதாவது புரோட்டானைக் கடத்தும் சவ்வு உள்ள, இரு திசையிலும் இயங்கும் ஃப்யூயல் செல். மின்சாரம் கொடுத்தால் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிக்கும். இணைப்பை மாற்றினால் அதே வாயுக்களைச் சேர்த்து மின்சாரம் தரும். முழுப் பணத்தையும் முன்பே வாங்கிக்கொண்டார்.

வந்ததோ உப்புத் தண்ணீரில் ஓடும் பொம்மைக் கார். பெட்டியின் மேல் ‘ஹைட்ரஜன் ஃப்யூயல் செல்’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. உள்ளே ஒரு மெக்னீசியத் தகடு, காற்றை உள்ளிழுக்கும் ஒரு கறுப்புத் தகடு, உப்பு அளக்க ஒரு சிறு கரண்டி. இது மெக்னீசியம்–காற்று பேட்டரி. இங்கே கரைந்து தீர்வது மெக்னீசியம். உப்பு நீர் வெறும் மின்பகுளி, அயனிகளைக் கடத்துவது மட்டுமே அதன் வேலை. கொஞ்ச நேரம் ஓடியதும் தகடு கறுத்து, அடியில் வெள்ளையாக மெக்னீசியம் ஹைட்ராக்சைடு படிந்தது.

இதைச் சொன்னதும் அவர் தகட்டின் மேல் எழும் குமிழிகளைக் காட்டி, “பாருங்க சார், ஹைட்ரஜன் வருதுல்ல?” என்றார். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். வருவது ஹைட்ரஜன்தான், பொய்யில்லை. ஆனால் அது மெக்னீசியம் அரிக்கப்படும்போது வீணாக வெளியேறுவது. கார் ஓடுவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. விவரம் தெரிந்துதான் அப்படிப் பேசினார். இதை நம்பி ஒரு பிள்ளை ‘உப்பு நீரே எரிபொருள்’ என்று ரெக்கார்டு நோட்டில் எழுதினால், அந்தத் தப்பை யார் போய்த் திருத்துவது?

மல்டிமீட்டர் இருந்தால் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிடலாம். ஒற்றை ஹைட்ரஜன்–ஆக்ஸிஜன் கலத்தின் கோட்பாட்டு அளவே 1.23 வோல்ட். நடைமுறையில், சுமை இல்லாதபோது, அதாவது மோட்டார் எதையும் இணைக்காதபோது, 0.9 வோல்ட்டை ஒட்டி நிற்கும். (ரிவர்சிபிள் செல்லில் மின்னாற்பகுப்பு, அதாவது மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிப்பது, முடிந்த கையோடு அளந்தால் சற்று நேரம் கூடுதலாகக் காட்டும், பிறகு இறங்கிவிடும்.) எங்கள் கிட்டில் 1.4-ஐத் தாண்டி, இறங்காமலே நின்றது. மீட்டர் இல்லையென்றால் பெட்டிக்குள் மாற்றுத் தகடு வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். உண்மையான ஃப்யூயல் செல்லில் தீர்ந்துபோகிற தகடே கிடையாது.

சண்டை போட்டபின் வேறு செட் அனுப்பினார். இந்த முறை பெம் செல்தான், ஆனால் எவரோ பயன்படுத்தித் திருப்பிக் கொடுத்தது. வாயு சேரும் குழாய்களில் உப்புக் கறை, மூடிகள் காணோம். பிளாட்டினம் பூசிய மின்முனைகளுக்கு நடுவே இருக்கும் சவ்வு ஈரமாக இருந்தால்தான் புரோட்டான்கள் அதன் வழியே கடக்கும். சாதாரணத் தண்ணீரை ஊற்றினால் கால்சியம், இரும்பு அயனிகள் அந்தச் சவ்வில் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் அது எழாது. காய்ச்சி வடித்த நீர் விட்டு ஊறவைத்துப் பார்த்தோம், சின்ன விசிறிகூடச் சுற்றவில்லை. போனில் கேட்டால், “மினரல் வாட்டர் ஊத்துங்க சார், ஓடும்” என்கிறார். செல்லைக் கெடுக்கும் வழியை விற்றவரே சொல்லித் தருகிறார்! அதன்பின் போனை எடுப்பதில்லை.

பில்லில் ‘சயின்ஸ் கிட்’ என்று மட்டும் எழுதியிருப்பதால், கேட்டதும் வந்ததும் வேறு என்று காட்டுவதே பெரும்பாடாகிவிட்டது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறோம், பணம் இன்னும் வரவில்லை.

நீங்கள் வாங்கினால் பில்லில் ‘ரிவர்சிபிள் பெம் ஃப்யூயல் செல்’ என்று எழுதச் சொல்லுங்கள். உங்கள் கண்ணெதிரே காய்ச்சி வடித்த நீரில் இயக்கிக் காட்டட்டும். மின்னாற்பகுப்பில் ஹைட்ரஜன் ஆக்ஸிஜனைப் போல இரண்டு மடங்கு சேர வேண்டும். விசிறி சுற்றும்போது அதே விகிதத்தில் குறைய வேண்டும். பக்கத்தில் தீ எதுவும் இருக்கக் கூடாது.

கிட் கிடைக்கும்வரை எங்கள் பிள்ளைகள், ஃப்யூயல் செல்லின் முன்னோடியான வாயுக் கலத்துக்கு 1839-ல் விஞ்ஞானி வில்லியம் குரோவ் காட்டிய வழியில் போகிறார்கள். சமையல் சோடா கரைசலில் இரண்டு பென்சில் கரிக்குச்சிகளை நிறுத்தி, 9 வோல்ட் பேட்டரியைக் கொஞ்ச நேரம் இணைத்துக் கழற்றிவிட்டு மீட்டரை வைத்தால் முள் நகர்கிறது. சமையல் உப்பைப் போடாதீர்கள், குளோரின் வரும். குச்சிகளில் ஒட்டியிருக்கும் வாயு சீக்கிரம் தீர்ந்துவிடுவதால் மோட்டார் எதுவும் ஓடாது. ஆனாலும் பிள்ளைகள் பார்ப்பது நிஜமான வாயுக் கலம்.