ஜின்ஜா டெம்ப்ளேட்: எல்லாம் நல்லதுதான், அந்த மௌனத்தைத் தவிர

தோவாளைப் பூச்சந்தையின் தினவிலையைக் காட்டும் பக்கத்துக்கு பிளாஸ்க்கும் (Flask, பைத்தானில் வலைத்தளம் கட்டும் கருவி) அதோடு வரும் ஜின்ஜாவும் (Jinja, பக்கத்தின் அச்சான டெம்ப்ளேட்டில் தரவை நிரப்பும் கருவி) போதுமா என்று நாகர்கோவில் நண்பர் ஒருவர் கேட்டார். பதில் நீண்டுவிட்டதால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

பக்கத்தின் பகுதிகளை சர்வரிலிருந்து நிரப்ப ஜின்ஜாவைப்போல் கைக்கு அடங்கிய கருவி வேறு எனக்குக் கிடைக்கவில்லை. தாய் டெம்ப்ளேட்டில் பிளாக்குகளை, அதாவது பெயரிட்ட பகுதிகளை, போட்டுவிட்டால், மற்ற பக்கங்கள் எக்ஸ்டெண்ட்ஸ் (extends, அந்தத் தாயைத் தொடர்வது) என்று தொடங்கி, வேண்டிய பிளாக்கை மட்டும் நிரப்பும். எனக்கு ரொம்பப் பிடித்தது சூப்பர் (super), தாயின் பிளாக்கில் உள்ளதை அப்படியே கொண்டுவரும் கட்டளை. பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் பொதுவான ஸ்டைல்ஷீட் வரி தாயில் இருக்கும். விலைப் பக்கத்தில் அதே பிளாக்கைத் திறந்து, முதலில் சூப்பரைக் கூப்பிட்டு, கீழே அட்டவணைக்கான வரியைச் சேர்த்தால் இரண்டும் வரும். சூப்பரை விட்டால் தாயின் வரி போய்விடும். பிளாஸ்க்கில் ஹெச்டிஎம்எல் கோப்புகளுக்கு ஆட்டோஎஸ்கேப் (தரவில் வரும் குறிகள் பக்கத்தின் நிரலாக இயங்காமல் காக்கும் வசதி) தானாகவே ஆன். ஜின்ஜாவைத் தனியாக எடுத்து அமைத்தால் நாமே ஆன் செய்ய வேண்டும்.

இனி, ஆறாத கோபம். பைத்தானில் 'பூ'வுக்குள் 'விலை' என்று அனுப்பிவிட்டு, டெம்ப்ளேட்டில் 'பூ.விலைகள்' என்று எழுதினால் ஜின்ஜா வாயே திறக்காது. பக்கம் 200 என்று (எல்லாம் சரி என்னும் குறியீட்டோடு) ஒழுங்காகப் போகும், சர்வரின் பதிவேடான லாகில் ஒன்றும் இருக்காது. பிச்சிப்பூவுக்கு எதிரே கட்டம் மட்டும் காலியாக நிற்கும். முகூர்த்த நாளில் அதைப் பார்க்கும் வியாபாரி இன்றைக்குப் பிச்சி வரத்து இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார். இதில் எல்லாவற்றுக்கும் ஒரே விதி என்பதும் இல்லை: 'பூ' இருந்து 'விலைகள்' இல்லையென்றால் வெற்றிடம், 'பூ'வே இல்லாமல் 'பூ.விலை' கேட்டால் எரர்.

மருந்து ஒரே வரி. ஆப்பை உருவாக்கியதும், எந்த டெம்ப்ளேட்டும் லோடாகும் முன், ஜின்ஜா என்வின் (jinja_env, ஜின்ஜாவின் அமைப்புகள் இருக்கும் இடம்) அன்டிஃபைண்டை (undefined, இல்லாத பெயரை என்ன செய்வது என்னும் அமைப்பு) ஸ்ட்ரிக்ட்அன்டிஃபைண்ட் (StrictUndefined) என்று மாற்றிவிடுங்கள். இல்லாத பெயரை அச்சிடப் போனால் உடனே எரர் வரும். இல்லாத பெயரைச் சோதிக்கும் இஃப் (if) நிபந்தனைகளும் அலறும். அங்கே 'இஸ் டிஃபைண்ட்' (is defined, பெயர் இருக்கிறதா என்ற சோதனை) சேருங்கள்.

அதோடு முடியவில்லை. டேட்டாபேஸில் விலை நல் (null, மதிப்பே இல்லை) என்றால் கட்டத்தில் 'நன்' (None) என்று அச்சாகும். மதிப்பு இல்லாதபோது பதிலுக்கு ஒன்றை வைக்கும் டிஃபால்ட் ஃபில்டரில் கோடு (-) மட்டும் கொடுத்தால் அது இல்லாத பெயருக்கு மட்டுமே வேலை செய்யும். நன்னையும் பிடிக்க இரண்டாவதாக ட்ரூ (true) தர வேண்டும். தந்தால் 0 என்ற மதிப்பும் கோடாகிவிடும். இருப்புக் கணக்குக் காட்டும் இடத்தில் அது பொய்க்கணக்கு. அங்கே 'இஸ் நன்' (is none) என்று நேராகச் சோதிப்பதே ஒழுங்கு.

பிளாக்கின் பெயரிலேயே ஒரு எழுத்து மாறினால் இன்னும் மோசம். தாயில் அப்படி ஒரு பிளாக் இல்லாததால் நீங்கள் எழுதியது முழுவதும் சத்தமில்லாமல் விழுந்துவிடும். எக்ஸ்டெண்ட்ஸ் போட்ட பக்கத்தில் பிளாக்குக்கு வெளியே எழுதியதற்கும் இதே கதி. ஸ்ட்ரிக்ட்அன்டிஃபைண்ட் இதைக் கண்டுபிடிக்காது. 2021இல் வந்த ஜின்ஜா 3.0 பதிப்பிலிருந்து தாயின் பிளாக்கில் 'ரிக்வயர்ட்' (required, கட்டாயம்) சேர்க்கலாம், நிரப்பாவிட்டால் எரர். ஆனால் அந்த பிளாக்குக்குள் இயல்பு உள்ளடக்கம் எதுவும் வைக்க முடியாது.

ஒரு கட்டம் காலியானாலும் பெரிய நஷ்டமில்லாத கன்னியாகுமரி லாட்ஜ் பக்கம் என்றால் ஜின்ஜாவை யோசிக்காமல் எடுங்கள். விலை காட்டும் பக்கத்துக்கு, இவ்வளவு மெச்சிய பிறகும், இரண்டு நட்சத்திரம்தான் தருவேன். ஸ்ட்ரிக்ட் இயல்பாகவே ஆன் ஆகி வரட்டும், அப்போது மீதி மூன்றையும் தருகிறேன்.