முதலில் நரம்பு, அப்புறம் லூர்: ஸ்டீல்ஹெட் ஆற்றுக்கும் மலை ஏரிக்கும்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ட்ரவுட் பிடிக்கிறவர்களுக்கு வருடத்தில் இரண்டு பருவங்கள். குளிர்காலத்தில் காஸ்கேட் மலையிலிருந்து இறங்கும் ஸ்கைகோமிஷ், கௌலிட்ஸ் மாதிரி ஆறுகளில் ஸ்டீல்ஹெட். ஜூலை வாக்கில் பனிக்கட்டி உருகியதும் அதே மலையின் மேலே உள்ள ஏரிகளில் சிறிய ட்ரவுட். இரண்டுக்கும் எந்த லூர் (மீனை ஏமாற்றும் போலி இரை) நல்லது என்ற பேச்சு ஓய்வதே இல்லை. ரீலில் என்ன நரம்பு (தூண்டில் கயிறு) சுற்ற வேண்டும் என்பதைப் பற்றி அதில் பாதிகூடப் பேசுவதில்லை. நரம்பைத் தீர்மானித்துவிட்டு லூருக்கு வர வேண்டும் என்பதே என் கட்சி. ஏன் என்பதற்கு மீனிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஸ்டீல்ஹெட் தனி இனம் இல்லை. கடலுக்குப் போய்த் திரும்பும் ரெயின்போ ட்ரவுட்தான். நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து விட்டதும் இதே ரெயின்போ இனம்தான். ஆற்றில் பிறந்து, சில வருடம் அங்கேயே வளர்ந்து, பசிபிக் கடலுக்குப் போய்ப் பெருத்து, முட்டையிடத் திரும்பி வரும். அப்போது மூன்று, நான்கு கிலோ இருப்பது சாதாரணம். ஆற்றுக்குள் வந்த பிறகு அது பெரிதாக இரை தேடுவதில்லை. பாறைக்குப் பின்னாலோ, வேகமான நீரும் மெதுவான நீரும் உரசும் ஓரத்திலோ ஒதுங்கி நிற்கும். முகத்துக்கு நேராக வந்து தொந்தரவு செய்வதைத்தான் கடிக்கும்.

மலை ஏரி மீன் இதற்கு நேர் எதிர். புரூக் ட்ரவுட், கட்த்ரோட், ரெயின்போ என்று எதுவாக இருந்தாலும் ஒரு சாண், ஒன்றரைச் சாண்தான் நீளம். வருடத்தில் பாதிக்கு மேல் ஏரி உறைந்து கிடப்பதால், திறந்திருக்கும் சில மாதங்களுக்குள் வயிற்றை நிரப்பியாக வேண்டும். அதனால் பசியோடு கரையோரமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது, மீன் நிற்கிறது. ஏரியில் தண்ணீர் நிற்கிறது, மீன் ஓடுகிறது. நரம்பிலும் லூரிலும் நாம் எடுக்கும் முடிவுகள் எல்லாம் இந்த வித்தியாசத்திலிருந்துதான் வருகின்றன.

ஆற்றுக்கு: பிரெய்டா, தங்கூசியா?

நைலான் தங்கூசி ஒற்றை இழை நரம்பு; விலை குறைவு, முடிச்சு நன்றாக நிற்கும், இழுத்தால் நீளும். இழுவையில் கால்பங்கு வரை நீளும் ரகங்கள் உண்டு. மீன் திடீரென்று துள்ளும்போது அந்த நீட்சி அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்வது உண்மைதான். ஆனால் 30 மீட்டர் தள்ளி, ஓடும் தண்ணீருக்குக் குறுக்கே நரம்பு கிடக்கும்போது, மீன் கடித்ததும் நீங்கள் ராடை உயர்த்தினால் அந்தச் சுண்டலில் பெரும்பகுதியை நரம்பே தின்றுவிடும். தூண்டில் முள் மீனின் வாயில் ஏறாது.

பிரெய்டு என்பது பல மெல்லிய இழைகளைப் பின்னிய நரம்பு. அதில் நீட்சி கிட்டத்தட்ட இல்லை. அதைவிடப் பெரிய லாபம் பருமனில் இருக்கிறது. 30 பவுண்டு இழுவையைத் தாங்கும் பிரெய்டின் தடிமன் ஏறக்குறைய 8 பவுண்டு தங்கூசியின் தடிமன்தான். மெல்லிய நரம்பை ஆற்று நீரோட்டம் குறைவாகத்தான் தள்ளும். அதனால் லூர் ஆழத்திலேயே நிற்கும், மெதுவாகவும் வரும். குளிர்ந்த நீரில் சோம்பிக் கிடக்கும் மீனுக்கு வேண்டியது இந்த மெதுதான். பிரெய்டு பாலிஎத்திலீன் இழை என்பதால் மிதக்கும். தக்கை போட்டு மீன் பிடிக்கிறவர்களுக்கு இது வரப்பிரசாதம். நடுவில் உள்ள வேகமான நீர் நரம்பை வில்லாக வளைத்துத் தக்கையை இழுக்கத் தொடங்கும்போது, நரம்பை அப்படியே தூக்கி மேல்பக்கம் போட்டுவிடலாம். தண்ணீருக்குள் அமிழ்ந்த தங்கூசியை இப்படித் தூக்குவதற்குள் தக்கை நகர்ந்துவிடும்.

பிரெய்டின் குறைகளும் சின்னவை அல்ல. பாறை விளிம்பில் உரசினால் நொடியில் அறுந்துவிடும். பூஜ்யத்துக்குக் கீழே போகும் காலைகளில், இழைகளுக்கு நடுவே உறிஞ்சிய தண்ணீர் ராடின் வளையங்களில் பனிக்கட்டியாகக் கட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட நாட்களில் மட்டும் 12 பவுண்டு தங்கூசிக்கு மாறுவது நியாயமானது. மற்ற நாட்களுக்கு 30 பவுண்டு பிரெய்டு, அதன் நுனியில் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக 10 அல்லது 12 பவுண்டு லீடர் (பிரெய்டுக்கும் லூருக்கும் நடுவே கட்டும் துண்டு நரம்பு).

அந்த லீடர் ஃப்ளூரோகார்பன் என்ற பிளாஸ்டிக் நரம்பாக இருக்கலாம். அதன் ஒளிவிலகல் எண் 1.42, தண்ணீருடையது 1.33, நைலானுடையது 1.53க்குப் பக்கம். ஆகவே ஃப்ளூரோகார்பன் தண்ணீரில் கொஞ்சம் குறைவாகத் தெரியும். ஆனால் அதைத் தேர்ந்தெடுக்க என் முதல் காரணம் இது இல்லை. கல்லில் உரசினால் தாங்கும், அது போதும். முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தொட்டு ஈரமாக்குங்கள். உலர்ந்த நிலையில் இறுக்கினால் சூடாகி அந்த இடத்திலேயே பலவீனமாகும். லூர் கல்லிடுக்கில் மாட்டினாலும் அறுவது லீடர் மட்டும்தான். நீளமான பிரெய்டு ஆற்றுக்குள் போகாது.

மெல்லிய நரம்பு போட்டால் கடி அதிகம் கிடைக்கும் என்று 6 பவுண்டுக்கு இறங்குகிறவர்கள் உண்டு. ஸ்டீல்ஹெட்டுக்கு அதை நான் ஏற்கவே மாட்டேன். மெல்லிய நரம்பில் மீனை வேகமாகக் கரைக்குக் கொண்டுவர முடியாது. நேரம் இழுக்க இழுக்க மீன் சோர்ந்துபோகும். வாஷிங்டனின் கடல் உள்வாயான பியூஜட் சவுண்ட் பகுதி ஸ்டீல்ஹெட் 2007 முதல் அமெரிக்க மத்தியச் சட்டத்தின்படி அருகிவரும் உயிரினம். முதுகுத் துடுப்புக்குப் பின்னால், வாலுக்கு முன்னால் இருக்கும் சின்னக் கொழுப்புத் துடுப்பு, பண்ணை மீனுக்கு வெட்டிவிடுவது போல வெட்டப்படாமல் முழுதாக இருந்தால் அது இயற்கையில் பிறந்த மீன். அதைத் தண்ணீரிலிருந்து தூக்காமலே விட்டுவிட வேண்டும். விட்ட மீன் பிழைத்து முட்டையிட வேண்டும் என்றால், அதைக் களைக்க வைக்காத நரம்பு வேண்டும்.

ஆற்றில் ஸ்பூனும் ஸ்பின்னரும் ஜிக்கும்

நரம்பு முடிவானால் லூர் சண்டை பாதி தீர்ந்துவிடும். பிரெய்டோடு சேர்ந்து ஜொலிப்பது ஸ்பூன், அதாவது கரண்டி மாதிரி வளைந்து நீரில் ஆடும் உலோகத் தகடு. லிட்டில் கிளியோ மாதிரி 11 கிராமிலிருந்து 19 கிராம் வரையிலான ஸ்பூனை ஆற்றுக்குக் குறுக்கே, சற்றுக் கீழ்ப்பக்கமாக வீசுங்கள். நரம்பை லேசான இறுக்கத்தில் வைத்து, ரீலைச் சுற்றாமல் காத்திருங்கள். ஸ்பூன் தானே ஒரு வில்லாக வளைந்து கரையை நோக்கி வரும். ராடின் நுனி மெதுவாக, சீராகத் துடிக்கும். துடிப்பு படபடவென்று வேகமானால் ஸ்பூன் மேலே ஏறிவிட்டது என்று அர்த்தம். ராடைத் தாழ்த்துங்கள் அல்லது கொஞ்சம் நரம்பு விடுங்கள். அவ்வப்போது ஒரு கல்லைத் தொட்டு 'டக்' என்றால் சரியான ஆழம். துடிப்பு சட்டென்று நின்று கனமானால், அது கல்லா மீனா என்று யோசிக்காமல் ராடை உயர்த்துங்கள். தங்கூசியில் இந்தத் துடிப்பில் பாதிகூடக் கைக்கு வந்து சேராது.

புளூ ஃபாக்ஸ் வைப்ராக்ஸ் எண் 4, எண் 5 மாதிரி ஸ்பின்னர்கள் (கம்பியைச் சுற்றித் தகடு சுழலும் லூர்கள்) வேறு இடத்துக்கு. பாறைகளுக்கு நடுவே குழிகுழியாக இருக்கும் ஆழமில்லாத நீரில், கோடையிலும் ஆற்றுக்கு வரும் ஸ்டீல்ஹெட்டுக்கு ஸ்பின்னரை மிஞ்ச ஒன்றுமில்லை. மெதுவாகச் சுற்றினாலும் தகடு சுழலும், சின்ன இடத்துக்குள்ளேயே வேலையை முடித்துவிடும். அகலமான, ஒரே சீராக ஓடும் நீர்ப்பரப்பை ஸ்பின்னரால் தேடித் துழாவுவது வீண் உழைப்பு. அங்கே ஸ்பூன்.

தக்கைக்குக் கீழே தொங்கும் 3.5 கிராம் மராபு இறகு ஜிக் (எடைத் தலை வைத்த முள்) தான் குளிர்காலத்தில் அதிகம் கடி தருவது. இதை மறுக்க முடியாது. மீனின் தலை மட்டத்தில், தண்ணீரின் வேகத்திலேயே, நகர்கிற மாதிரியே தெரியாமல் நகரும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதைத்தான் சொல்வேன். எனக்கென்று கேட்டால் ஸ்பூன். இறுகிய நரம்பில் வந்து விழும் அந்த அடிக்காகவே நான் ஆற்றுக்குப் போகிறேன்.

நிறத்தைப் பற்றி நீளமாகப் பேச எதுவும் இல்லை. தெளிந்த நீருக்கு வெள்ளி, கலங்கிய நீருக்கு ஆரஞ்சு, இளஞ்சிவப்பு. மூன்று முனை முள்ளைக் கழற்றிவிட்டு, நுனியில் எதிர்க்கூர் (barb) இல்லாத ஒற்றை முள்ளை மாட்டிக்கொள்ளுங்கள். பல ஆறுகளில் விதியே அதுதான். எந்த ஆறு எப்போது திறக்கும் என்பது வருடத்துக்கு வருடம் மாறும். புறப்படும் முன் மாநில மீன்வளத் துறையின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

மேலே போனால் கணக்கு மாறும்

மலை ஏரியில் பிரெய்டு தேவையில்லை. இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்: பிரெய்டு இன்னும் தூரமாகப் போகுமே என்பார்கள். போகும். ஆனால் கரையிலிருந்து பத்துப் பதினைந்து மீட்டருக்குள், ஆழமில்லாத திட்டு இருட்டான ஆழத்துக்குள் சரியும் விளிம்பில்தான் மீன் சுற்றுகிறது. அதன் தலைக்கு மேலே தாண்டி வீசி என்ன பயன்? மென்மையான வாய் உள்ள சின்ன மீனை நீட்சியே இல்லாத நரம்பில் சுண்டினால் வாய் கிழியும். மலைக்காற்றில், எடையில்லாத லூரோடு பிரெய்டு சிக்கிக்கொண்டால் அவிழ்ப்பதும் பெரும்பாடு. 4 பவுண்டு தங்கூசி போதும். விறைத்த விரல்களாலும் முடிச்சுப் போடலாம். ஆற்றில் குறையாக இருந்த அந்த நீட்சி இங்கே நமக்கு நண்பன்.

லூரில் முதலிடம் 3.5 கிராம் காஸ்ட்மாஸ்டருக்கு. கனமான சின்னத் தகடு, காற்றைக் கிழித்துப் போகும். தண்ணீரில் விழுந்ததும் எண்ணத் தொடங்குங்கள். பத்தில் தரை தட்டினால் அடுத்த வீச்சில் எட்டு வரை எண்ணிவிட்டுச் சுற்றுங்கள். எந்த எண்ணில் கடி வருகிறதோ அதுவே அன்றைய ஆழம். சின்னப் பேந்தர் மார்ட்டின் அல்லது மெப்ஸ் எண் 0 ஸ்பின்னர் மீனை இன்னும் வேகமாக ஈர்க்கும். ஓடை ஏரிக்குள் விழும் வாயில் அதைத்தான் போடுவேன். ஆனால் ஸ்பின்னர் நரம்பை முறுக்கும். மெல்லிய தங்கூசியில் அந்த முறுக்கு சீக்கிரமே சுருள் சுருளாக ரீலிலிருந்து எழும்பி வரும். லூருக்கு அரை மீட்டர் முன்னால் ஒரு சின்ன ஸ்விவல் (முறுக்கைத் தடுக்கச் சுழலும் இணைப்பு) கட்டாயம்.

சாயங்காலம் காற்று அடங்கி, ஏரி முழுக்க வட்டம் வட்டமாக மீன் எழும்போது தகடு எதற்கும் உதவாது. மேலே விழும் எறும்பையும் பூச்சியையும்தான் அவை தின்கின்றன. அப்போது வேண்டியது தண்ணீர் நிரப்பும் தெளிந்த பிளாஸ்டிக் குமிழ்த் தக்கை. அதில் பாதி தண்ணீர் நிரப்பினால் சாதாரண ஸ்பின்னிங் ராடிலேயே எடையில்லாத பூச்சி ஃப்ளையை (முள்ளில் இறகும் நூலும் கட்டிய போலிப் பூச்சியை) வீசலாம். தக்கைக்குப் பின்னால் ஒன்றரை மீட்டர் லீடர், நுனியில் எண் 14 அளவு எறும்பு ஃப்ளை. லீடருக்கு இங்கே ஃப்ளூரோகார்பன் வேண்டாம்; அது அமிழும், மிதக்க வேண்டிய ஃப்ளையையும் கீழே இழுக்கும். அதே 4 பவுண்டு நைலானே சரி. எழும்பும் வட்டத்தின் மேலேயே வீசாமல் தாண்டி வீசி, மிக மெதுவாக இழுத்து அந்த இடத்துக்குக் கொண்டுவாருங்கள். சின்ன முள்ளுக்குச் சுண்டல் தேவையில்லை, நரம்பு இறுகினாலே ஏறிவிடும்.

இரண்டு செட் வாங்கப் பணமில்லை என்றால், நடுத்தர அளவு ஸ்பின்னிங் ரீல் ஒன்றும் அதற்கு ஒரு கூடுதல் ஸ்பூலும் வாங்குங்கள். ஒரு ஸ்பூலில் 30 பவுண்டு பிரெய்டு, இன்னொன்றில் 4 பவுண்டு தங்கூசி. ராடு மட்டும் ஒன்றை வைத்துச் சமாளிக்க முடியாது: ஆற்றுக்கு ஒன்பது அடி நீளம் வேண்டும், மலைக்கு நாலு துண்டாக மடங்கிப் பைக்குள் போக வேண்டும். மலை ராடைத் தள்ளிப்போட்டால் பரவாயில்லை. ஆற்று ராடில் காசை மிச்சம் பிடிக்காதீர்கள்.